ஐந்தாவது அநீதி ஜெர்மன்காரர்கள் செய்தது

வரிசையாகச் சொல்கிறேன், தம்பி. இடையில் பேசாதீர்கள். வரிசை மாறினால் விஷயமே மாறிவிடும்.

முதல் அநீதி நிர்வாகம் செய்தது. ஓசூரில் எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையின் கேண்டீனில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, ஒரு துண்டறிக்கையை உரக்கப் படித்தேன். அமைதியைக் குலைத்தேன் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். கோர்ட்டில் வழக்காடி வேலையை மீட்டு நான் மறுபடி உள்ளே நுழைந்தபோது என் மீசை நரைத்திருந்தது. இரண்டாவது அநீதி என் சொந்தச் சங்கம் செய்தது. நான் எழுதிய அறிக்கையை மாவட்டத் தலைவர் தன் பெயரில் அச்சடித்தார். திருடியதைக்கூட மன்னித்துவிடுவேன். அச்சுப்பிழையோடு போட்டார். மூன்றாவது, சங்கம் பிளந்தபோது நடந்தது. என்னோடு ஒரே டம்ளர் டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். போகும்போது கொடிக்கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்குச் சிமெண்ட் போட்டுக் கையால் பூசியவன் நான். நான்காவது, என் வீட்டுக்காரி முனிரத்தினம். ஒரு நாள் அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்துவிட்டு, தருமபுரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஐந்தாவது அநீதி ஜெர்மன்காரர்கள் செய்தது. உங்கள் சட்டையில் இருக்கிறார்களே, இவர்கள்தான்.

விரிசல் விட்ட மணி, இரண்டு பக்கமும் சிறகு. ஐசன்குளோக்கே. இரும்பு மணி என்று அர்த்தம். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வேட்டி கட்டினவனுக்குத் தெரியக் கூடாதா? நேற்று பெங்களூரில் அவர்களுக்குக் கடைசிக் கச்சேரி. நீங்கள் உள்ளே இருந்தீர்கள், காதில் இன்னும் அடைப்பு இருக்கும், அதனால்தான் நானும் சத்தமாகப் பேசுகிறேன். நான் வெளியே இருந்தேன். வேறு வேலையாகத்தான் வந்தேன்.

நீங்கள் சேலம் வரை போகிறீர்களா? நான் ஓசூரில் இறங்கிவிடுவேன். இந்த சில்க் போர்டு நெரிசலில் பஸ் நகர்கிற நகர்வுக்கு, சொல்லி முடிக்க நேரம் இருக்கிறது.

எனக்கு ஒரு மகன். அவனுக்கு நான் வைத்த பெயர் தெல்மான். ஜெர்மன் தொழிலாளர் தலைவர் ஒருவரின் பெயர். ஹிட்லர் அவரைப் பதினோரு வருடம் தனிச்சிறையில் வைத்திருந்து கடைசியில் சுட்டான், அவர் மண்டியிடவில்லை. இதை நான் ஒரு நாலணாப் பிரசுரத்தில் படித்தேன். குழந்தை பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் அறிவித்துவிட்டேன். முனிரத்தினம், "வாயில நுழையற பேரா வைக்கக் கூடாதா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவனை 'டெல்லி' என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவான். பெயருக்காக அழுகிறவன் அந்தப் பெயருக்கு இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஆகவே ஜெர்மன்காரனை வீட்டுக்குள் விட்டது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். திம்மராஜ் சொல்லுவான், எங்கள் சங்கத்துத் துணைச் செயலாளர். அது வேறு ஜெர்மனி, இது வேறு ஜெர்மனி.

தெல்மான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, எங்கள் தொழிற்சாலையிலேயே ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். உருக்குப் பிரிவு. அங்கேதான் யாரப் என்ற பையன் அவனுக்குக் கூட்டாளி ஆனான். கிருஷ்ணகிரிக்காரன். அவன்தான் இந்தப் பாட்டை இவன் காதில் போட்டது. வீட்டில் இருப்பதோ ஒரே அறை, நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் துண்டறிக்கை எழுதுவேன், அந்தப் பக்கம் இந்த ஜெர்மன்காரர்கள் அலறுவார்கள்.

"என்னடா இது?"

"பவர் மெட்டல்ப்பா. ராக் பாட்டுல ஒரு வகை."

"மெட்டலா? முப்பது வருஷமா அதை ஊத்தறவன் நான். அது இப்பிடிக் கத்தாது."

"இவங்க நாப்பது வருஷமாப் பாடறாங்கப்பா."

"நாப்பது வருஷம் நானும்தான் பேசினேன். என் படத்தைப் போட்டு எவனாவது பனியன் அடிச்சானா?"

சிரித்தான். அவன் சிரித்தால் முனிரத்தினமும் சிரிப்பாள். எனக்கு எதிராக அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த காலம் அது.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தட்டிக்குக் காது கிடையாது, எனக்கு இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு அவனைக் கூப்பிட்டுக் கேட்பேன், இதில் என்ன சொல்கிறான் என்று. எதிரியின் சரக்கைப் படித்துத்தான் எதிர்க்க வேண்டும். 'உடைந்த மணி'யை எல்லாரும் முதலிடத்தில் வைக்கிறீர்கள். மணி ஒருமுறை அடித்து ஓயும், அப்புறம் இரண்டு கிட்டாரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரே சவாரிக்குப் பாய்கிற மாதிரி பாயும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது முழக்கம். முழக்கம் மட்டுமே இயக்கம் ஆகாது. 'இரவுக் காவலர்கள்' அதைவிட மேல். அதில் பாடகர் ஒரு வரி சொல்ல, கூட்டம் மறுவரி சொல்கிறது. அந்த ஆளுக்குக் கோஷம் போடத் தெரிந்திருக்கிறது. எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 'பறவை நாகம்' என்று ஒன்று, ஏழு நிமிடம். அதில் நான்கு நிமிடம் குதிரை ஓடுகிறது. கடைசியில் ஒரு வீரன் நாகத்தைக் கொல்கிறான். யார் அந்த நாகம்? முதலாளியா, அரசாங்கமா? சொல்ல வேண்டாமா? தெல்மானிடம் கேட்டேன். "அது நெஜமாவே நாகம்தாம்ப்பா" என்றான். இதுதான் வர்க்கப் பார்வை இல்லாததன் விளைவு.

மெதுவான பாட்டு ஒன்று இருக்கிறது, பியானோ மட்டும் வரும். 'திரும்பாதவன்'. முனிரத்தினம் அதை மட்டும் திரும்பப் போடச் சொல்வாள். அவளுக்கு ஒரு சொல் புரியாது. ஊதுகுழலை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பாள்.

அப்புறம் அவர்களும் பிளந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிட்டார்க்காரர் சண்டை போட்டுக்கொண்டு பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேறு குழு வைத்தார். யாரப் அந்தப் பக்கம், தெல்மான் இந்தப் பக்கம். வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து விவாதித்தார்கள். நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "பிளவுன்னா எனக்குத் தெரியும். பேர் யார்கிட்ட இருக்கோ அவன்தான் சங்கம்." தெல்மான் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் என் கையைக் குலுக்கியது அந்த ஒரு தடவைதான்.

இப்போதும் கேட்கிறேனா என்றால், கண்காணிக்கிறேன். யூடியூபில் ஒருவன் இவர்களுடைய சிறந்த பத்துப் பாட்டு என்று வரிசை போட்டிருந்தான். 'பறவை நாக'த்துக்கு மூன்றாவது இடம். நான் கீழே மறுப்பு எழுதினேன். தமிழில்தான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் காரணம் சொல்லி, முழுதாக ஒரு துண்டறிக்கை அளவுக்கு. கடைசியில் பெயர், ஊர், பொறுப்பு எல்லாம் போட்டேன். இந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அங்கே போய்ப் படிப்பார்களாமே. யாராவது படித்துவிட்டுப் பதில் எழுதுவார்கள் என்று பார்த்தேன். எவனோ ஒருவன் சிரிக்கிற முகம் போட்டிருந்தான். அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், வேறு யாரோ, பிரேசில்காரன்.

அத்திப்பள்ளி வந்துவிட்டதா? இல்லை, இன்னும் இல்லை.

யாரப்தான் இந்தக் கச்சேரியைப் பற்றிச் சொன்னான். கிருஷ்ணகிரியில் டயர் கடை வைத்திருக்கிறான் இப்போது. ரம்ஜானுக்கு எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவான். வாங்கிக்கொள்வேன், பேச மாட்டேன். இந்தத் தடவை அவனே வந்து வாசலில் நின்றான். "மாமா, அவங்க கடைசியா வர்றாங்க. பெங்களூர்ல. டெல்லி எங்க இருந்தாலும் இதுக்கு வந்துருவான். நான் டிக்கெட் எடுத்துத் தரட்டா?" என்றான். "முதலாளித்துவக் கேளிக்கைக்கு நான் எதுக்குடா டிக்கெட் எடுக்கணும்?" என்றேன். "அப்ப வாசல்ல நில்லுங்க மாமா. வாசல்ல நிக்கறது உங்களுக்குப் பழக்கந்தானே" என்றான். குத்திச் சொன்னானா, சும்மா சொன்னானா, இன்றுவரை தெரியவில்லை.

நான் தேடிப் போனேன் என்று நினைக்காதீர்கள். பெங்களூரில் ஒரு தோழரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்வது? மத்தியானமே மைதானத்துக்குப் போய், பெரிய கேட்டுக்கு எதிரில் நின்றேன். அடேயப்பா, அத்தனை பேரும் கறுப்புச் சட்டை. நம் பக்கம் என்றால் மாநாடு என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து கன்னடத்தில் என்ன என்று கேட்டார். பையன் உள்ளே இருக்கிறான் என்றேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அரசாங்கத்தின் நாற்காலியில் நான் உட்காருவதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

உள்ளே சத்தம் ஆரம்பித்ததும் எனக்கு எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தது. நாலாவதாக 'காவலர்கள்'. நீங்கள் எல்லாரும் மறுவரி சொன்னீர்கள். சுவர் அதிர்ந்தது. நடுவில் யாரும் எதிர்பார்க்காமல் ஒரு பாட்டுப் பாடினார்களே, அதைக் கவனித்தீர்களா? 'மாற்றாள்'. பலருக்குத் தெரியாது அது. எந்த வரிசையிலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் தெல்மானுக்கு அதுதான் முதலிடம். இவர்கள் நிலக்கரி ஊர்க்காரர்கள். சுரங்கத்தில் ஒருவன் மூச்சு முட்டிக் கிடக்கிறான், ஷிப்ட் மாற்ற ஆள் வரவில்லை, விடுப்பில் இருக்கிற இன்னொருவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். அவ்வளவுதான் கதை. நாகம் இல்லை, குதிரை இல்லை. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவன் எனக்கு அர்த்தம் சொன்னான். தொழிலாளிப் பாட்டுதான், ஒத்துக்கொண்டேன். ஆனால் தனிமனித சாகசம், அமைப்பு இல்லை என்று விமர்சனமும் சொன்னேன். "எல்லாத்துக்கும் விமர்சனமா?" என்றான்.

நேற்று அந்தப் பாட்டுக்குக் கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒரு மூலையில் கொஞ்சம் பேர் மட்டும் கூடவே பாடினார்கள். வெளியிலிருந்து கேட்டது. அதில் ஒரு குரல் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். கண்ணை இமைக்காமல் பார்த்தேன். சுருட்டை முடி, இடது முன்னங்கையில் தீக்காயம், உருகின இரும்பு தெறித்தது. கேட் காலியாகிவிட்டது. அந்தப் போலீஸ்காரர் வந்து நாற்காலியை எடுத்தார். "வந்தானா பையன்?" என்றார். இல்லை என்றேன். "அந்தப் பக்கம் இன்னும் மூணு கேட் இருக்கே பெரியவரே, அங்கே பார்த்தீங்களா?" என்றார்.

மூன்று கேட். எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. தொழிற்சாலைக்கு ஒரு வாசல்தான். எல்லாரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும், அதன் வழியாகத்தான் வர வேண்டும். வாசலில் நிற்கிறவனைத் தாண்டாமல் யாரும் எங்கேயும் போக முடியாது. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நின்றேன்.

நீங்கள் எந்த கேட்டில் வந்தீர்கள்? இரண்டாவதா? அங்கே இருட்டாகவா இருந்தது? முன்னங்கையில் தீக்காயம் உள்ள ஒருவனை... சரி. அத்தனை பேரில் எப்படிப் பார்ப்பீர்கள்.

நம்பரா? வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது, நம்பரை மாற்றிவிட்டான். முனிரத்தினத்தோடு மட்டும் பேசுகிறான். தருமபுரிக்குப் போய் அவளிடம் கேட்டேன், எந்த ஊர் என்று மட்டும் சொல் என்று. புனே பக்கமா, ராஜ்கோட்டா, வார்ப்படத் தொழிற்சாலை எங்கெல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "பேர ஊருக்கே வாசிச்சவருக்கு வெலாசம் எதுக்கு?" என்றாள்.

என்ன வாசித்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஸ்ட்ரைக். நிரந்தரத் தொழிலாளிக்கு ஊதிய உயர்வு கேட்டு. ஒப்பந்தத் தொழிலாளி அந்தக் கோரிக்கையில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, கட்டம் கட்டமாகத்தான் போக வேண்டும். தெல்மானுக்கு அது தெரியும். தெரிந்தும் பந்தலில் எங்களோடு வந்து உட்கார்ந்தான், எல்லாருக்கும் மோர் ஊற்றினான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

ஸ்ட்ரைக் ஆரம்பித்த நேரத்தில் உள்ளே இருந்த ஒப்பந்தப் பையன்களை நிர்வாகம் வெளியே விடவில்லை. உலையில் உருகின இரும்பு இருந்தது. அதைச் சுற்றிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் உலை வெடிக்கும். அதைக் கவனிக்கிற இடத்தில் யாரப் மாட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல், மூக்கில் ரத்தம். தெல்மான் பந்தலுக்கு வந்து என் முன்னால் நின்றான். சுற்றிலும் தோழர்கள்.

"அப்பா, யாரப் சுருண்டு கெடக்கறான். ஒரு ஆள் உள்ள வந்தாத்தான் ஒரு ஆளை வெளிய விடுவேன்றான் கான்ட்ராக்டர். சங்கத்துல இருந்து ஒருத்தரைக் குடுங்க."

"சங்கமே ஆள் குடுத்தா அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்கா?"

"அப்ப நான் போறேன்."

"உள்ள போனவன் பேரை வாசிப்போம். அதான் முறை."

"உங்க முறையில காய்ச்சலுக்கு எடம் இருக்காப்பா?"

"அதுக்குத்தான் நிர்வாகத்துக்கு மனு குடுத்திருக்கோம்."

கையில் இருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தான். கேட்டை நோக்கி நடந்தான். எல்லாரும் பார்க்க, பட்டப்பகலில். சின்னக் கதவு திறந்தது. அவன் குனிந்து உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அதே கதவு வழியாக யாரப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நம் ஆட்களே ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள். அதை நான் தடுக்கவில்லை. நோயாளி நோயாளிதான்.

யாரப் பிழைத்துக்கொண்டான். ஸ்ட்ரைக்கும் வெற்றிதான். நிரந்தரத் தொழிலாளிக்கு உயர்வு கிடைத்தது. ஒப்பந்தப் பையன்களை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அதற்கு நாங்கள் கண்டன அறிக்கை வெளியிட்டோம். நான்தான் எழுதினேன்.

பெயர் வாசிக்கிற முறை நான் கொண்டுவந்தது. கருங்காலியின் பெயரை மட்டும் சொன்னால் அவன் துடைத்துப் போட்டுவிடுவான். அதனால் பிரிவு, ஊர், அப்பன் பெயர், அப்புறம் அவன் பெயர். உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த இருவர் சாட்சியாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒலிபெருக்கிக் குழாயைத் தொழிற்சாலையைப் பார்த்துத்தான் கட்டுவோம், உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் சாட்சிக்கு யாரும் வரவில்லை. அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவனும் வரவில்லை. திம்மராஜ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு காதில் சொன்னான்: "தோழர், இதை விட்ருங்க. அவன் வேலை செய்யப் போகல." நான் சொன்னேன்: "நேத்து சுப்பராயன் மகன் பேரை வாசிச்சோம். அவன் அம்மாவுக்கு மருந்து வாங்கற காசுக்காகத்தான் உள்ள போனான். விட்டோமா?" அவன் சொன்னான்: "சரி, நான் வாசிக்கறேன். அப்பன் பேர் இல்லாம வாசிக்கறேன்." அதுதான் எனக்குக் கோபம். என் பெயருக்குச் சலுகையா? அடுத்தவன் பெயரை வாசிக்கும்போது தடுமாறாத நாக்கு என் பெயரில் தடுமாறினால் நான் எதற்கு நாற்பது வருடம் பேசினேன்?

முனிரத்தினம் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்து நின்றார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு. வழக்கமாக வாசித்து முடித்ததும் கூட்டம் 'ஒழிக' என்று சொல்லும். அன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கட்டுப்பாடு குலைந்துவிட்டது என்று மறுநாள் கமிட்டியில் விமர்சனம் வைத்தேன்.

இருங்கள் கண்டக்டர், ஓசூர்தான் இறங்க வேண்டும், இதோ எழுந்துவிட்டேன். இதை நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். தம்பி, உங்கள் கூட்டத்தில் எங்கேயாவது, ஏதாவது கேட்டில், யாராவது கேட்டால் நீங்களும் இப்படியே சொல்லுங்கள். பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும். எல்லாரும் சாட்சி.

உருக்குப் பிரிவு. ஒப்பந்தம். ஊர் அஞ்செட்டி. பச்சியப்பன் மகன் தெல்மான்.